செவ்வாயிலும் ஒரு கோயில்

பெருமதிப்பிற்குரிய ஆலய நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கிடையிலும் பதிகம் பாடி முடியும்வரை அமர்ந்திருந்த நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, விடியுமுன்னே அடுப்பு மூட்டி அன்னதானம் சமைத்த தாய்மார்களே, தேவார வகுப்புக் குழந்தைகளே, வணக்கம்.

மாணிக்கவாசகர் குருபூசையில் விண்வெளிப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். அவரை விட்டால் வேறு யார்? அண்டங்கள் "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்றவர் அவர். அத்தனையும் இறைவன்முன், வீட்டுக்குள் விழும் வெயிற்கதிரில் மிதக்கும் தூசு என்றும் பாடினார். எவ்வளவு தொலைவு போனாலும் அவனைவிட்டுப் போகமுடியாது. மூன்று செய்தி சொல்ல வந்தேன்: செவ்வாய்க் கோளுக்குப் போகலாமா, போனால் எப்படி வாழ்வது, பூமிக்கு நாம் பட்ட கடன் என்ன.

போகலாம். நாமே கடல் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகள்தானே! கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்பார்கள். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த நாராயண பிள்ளை, 1827இல் இங்கே சவுத் பிரிட்ஜ் சாலையில் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார். ஊர் பெரிதாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கவில்லை.

சென்ற மாதம் நம் வகுப்பில் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். தொடக்கநிலை நான்கில் படிக்கும் சிறுமி எழுந்தாள். "ஐயா, செவ்வாய்க்கு ரெண்டு நிலா இருக்கே, பிரதோஷம் எந்த நிலாவைப் பார்த்து?" நான் திகைத்து நின்றேன். பின்வரிசைப் பையன் விடவில்லை. "அதுல ஒண்ணு மேற்கே உதிச்சுக் கிழக்கே மறையும் ஐயா!" உண்மைதான். ஃபோபோஸ் என்ற அந்த நிலா எட்டு மணி நேரத்துக்குள் செவ்வாயை ஒருமுறை சுற்றிவிடும். அங்கே ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம். ஃபோபோஸை வைத்துத் திதி கணித்தால் ஒரே நாளில் மூன்று அமாவாசை! ஆண்டோ நம் கணக்கில் 687 நாள். பிள்ளைகள் ஆளுக்கொரு பஞ்சாங்கம் போடத் தொடங்கிவிட்டார்கள். பேத்தியை அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற ஆச்சி சொன்னார்: "நான் பஞ்சாங்கம் பார்த்தா தினமும் பாடுறேன்? எந்திரிச்சதும் பாடுறேன். அங்க போனாலும் எந்திரிப்பீங்கல்ல?"

ஆச்சியின் பதிலுக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. 2007இல் நம் அண்டை நாட்டு வீரர் ஷேக் முஸாபர் ரமலான் மாதத்தில் விண்வெளி நிலையம் சென்றார். அது நாளொன்றுக்குப் பதினாறு முறை பூமியைச் சுற்றுவது. அவர் புறப்படுமுன்பே மலேசிய மார்க்க அறிஞர்கள் கூடி, தொழும் திசைக்கும் நேரத்துக்கும் வழிகாட்டி வகுத்துக் கொடுத்தார்கள். நாம் என்ன ஆயத்தம் செய்திருக்கிறோம்?

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம். சரி, செவ்வாயில் கோயில் எழுப்பிவிடுவோம். உள்ளே நின்று பாடுவது யார்? இந்த வகுப்பு தொடங்கியபோது உட்காரப் பாய் போதவில்லை. இன்று பாதிப் பாய் சுருட்டியபடி கிடக்கிறது. பெற்றோர்களே, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கொடுங்கள். துணைப்பாட வகுப்புக்கு ஆறு நாள் இருக்கிறது.

மணி அடித்துவிட்டார்கள், பூமிக்குப் பட்ட கடனை அடுத்த குருபூசையில் பேசுகிறேன். தலைவர் அவர்களே, மண்டபத்துக்குப் பின்னால் மடக்கு நாற்காலி அடுக்கிய அறையை வகுப்புக்கென்றே ஒதுக்கித் தாருங்கள். சேர்க்கைப் படிவங்கள் செருப்பு வைக்கும் இடத்துக்கு அருகில் உள்ள மேசையில் இருக்கின்றன. பந்திக்குப் போகுமுன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.