இருபது வருடமாகக் கைதட்டலை மட்டும் கேட்டிருக்கிறேன்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஜப்பானிய மெட்டல் குழுக்களைப் பற்றிப் பேசப் போகிறேன், மெட்டல் என்றால் கனமான, சத்தமான கிட்டார் ராக் இசை. வீடியோ கொஞ்சம் நீளமாகத்தான் போகும், மனசில் அவ்வளவு இருக்கிறது. ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேமராவைப் போடுவதற்கு முன்னால் அலமாரியிலிருந்து மூன்று சிடியை எடுத்து வைத்தேன். மூன்றுமே இங்கிலாந்துக் குழுக்கள் ஜப்பானில் மேடையில் வாசித்த கச்சேரிப் பதிவுகள். ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். இது டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்'. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்தது. இது ஜூடஸ் ப்ரீஸ்ட்டின் 'அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்', 1979, டோக்கியோ. மூன்றாவது, அட்டையில்கூட மார்க்கர் பேனாவில்தான் எழுதியிருக்கும், அயர்ன் மெய்டனின் 'மெய்டன் ஜப்பான்'. 1981, நாகோயா. காலேஜ் நாளில் ஒரு நண்பன் ரைட் பண்ணிக் கொடுத்தது.

இருபது வருடத்துக்கு மேலாக இந்த மூன்றையும் கேட்டு வருகிறேன். எந்தப் பாட்டு முடிந்தால் எவ்வளவு நேரம் கைதட்டல் வரும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். ஆனால் கைதட்டியவர்கள் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அவர்களில் யாரோ ஒருவர் மறுநாள் கிட்டார் வாங்கியிருக்கலாம் அல்லவா?

எனக்கு இந்தக் கதவைத் திறந்துவிட்டது அக்கா பையன். அனிமேதான் அவனுக்கு உலகம். போன வருடம் லீவுக்கு வந்தபோது, "மாமா, நீங்க கேக்கற மாதிரிதான் இருக்கு, கேட்டுப் பாருங்க" என்று போனை நீட்டினான். 'டெத் நோட்' என்ற அனிமே தொடரின் இரண்டாவது தொடக்கப் பாட்டு. மேக்ஸிமம் தி ஹார்மோன் என்ற குழு, டோக்கியோவின் ஹச்சியோஜி பகுதியில் 1998-ல் தொடங்கியது. முதல் இருபது நொடியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒருவர் அடித்தொண்டையில் உறுமுகிறார், இன்னொருவர் தெளிவாகப் பாடுகிறார், நடுவில் ஒரு பெண் குரல் துள்ளிக்கொண்டு வருகிறது. அந்தப் பெண்தான் டிரம்ஸும் வாசிக்கிறார்! நாவோ என்று பெயர். கிட்டார் வாசிக்கும் ரியோ அவருடைய சொந்தத் தம்பி. அக்காவும் தம்பியும் இப்படி ஒரு சத்தத்தை எழுப்புகிறார்கள் என்று தெரிந்ததும் பையனைத் தூங்க விடாமல் அடுத்தது, அடுத்தது என்று போடச் சொன்னேன்.

அதற்கப்புறம் ஒரு வருடமாக இதே வேலைதான். எங்கிருந்து தொடங்குவது என்று நீங்கள் கேட்டால், நான் போன வழியையே சொல்கிறேன்.

முதலில் லவுட்னஸ். அகிரா தக்காசாகி, முனேதாகா ஹிகுச்சி இருவரும் லேஸி என்ற பாப் குழுவில் இருந்தவர்கள். 1981-ல் அதை விட்டு வந்து ஒசாகாவில் இதை ஆரம்பித்தார்கள். தக்காசாகிக்கு அப்போது இருபது வயது. 1985-ல் வந்த 'தண்டர் இன் தி ஈஸ்ட்' ஆல்பத்தை, பிளாக் சாபத் என்ற இங்கிலாந்து மெட்டல் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னுக்கு வேலை செய்த மேக்ஸ் நார்மன் தயாரித்தார். அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 74-ஆம் இடம் வரைக்கும் போனது. தக்காசாகியின் விரல்களைப் பாருங்கள், இரண்டு கையும் கிட்டார் கழுத்தின் மேலேயே ஓடும். கிட்டார் கற்றுக்கொள்கிற தம்பி தங்கைகள் அவசியம் பார்க்க வேண்டும்.

ஆனால் லவுட்னஸ் கதையில் எனக்கு வலிக்கிற இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நிலைக்க வேண்டும் என்று ஆங்கிலத்துக்குப் போனார்கள். அதுவும் போதவில்லை என்று 1988 வாக்கில் பாடகர் மினோரு நிஹாராவை அனுப்பிவிட்டு மைக் வெசெரா என்ற அமெரிக்கரைக் கொண்டுவந்தார்கள். வெசெரா நல்ல பாடகர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நிஹாராவின் அந்தக் கரகரப்பு, ஆங்கிலச் சொல்லைக்கூட ஜப்பானிய வாயால் கடித்துத் துப்புகிற அந்த விதம், அதுதான் அந்தக் குழுவின் முகம். புத்தாயிரம் பிறந்த கையோடு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஹிகுச்சி 2008-ல் கல்லீரல் புற்றுநோயால் இறந்துபோனார்.

எக்ஸ் ஜப்பானைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சிபா மாவட்டத்தின் தத்தேயாமா என்ற கடலோர ஊரில், சின்ன வயதிலிருந்தே நண்பர்களான யோஷிகியும் தோஷியும் 1982-ல் தொடங்கியது. யோஷிகி டிரம்ஸும் வாசிப்பார், பியானோவும் வாசிப்பார். 1993-ல் வந்த 'ஆர்ட் ஆஃப் லைஃப்' ஒரே பாட்டு, 29 நிமிடம். வேகமாகப் போய்க்கொண்டே இருப்பது திடீரென்று நின்று, நடுவில் பியானோ மட்டும் தனியாக நிற்கும். முதலில் அழகாக, அப்புறம் விரல்கள் கட்டைகளைக் குத்துவது போல. முதல் தடவை கேட்டபோது ரொம்ப சங்கடமாக இருந்தது. மூன்றாவது தடவை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் ஹிடே 1998 மே மாதம் இறந்தபோது, டோக்கியோவின் ட்சுகிஜி ஹோங்கன்-ஜி கோயிலில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஏறத்தாழ 50,000 பேர் வந்தார்கள். அந்தக் கோயில் இந்தியக் கட்டடக் கலைச் சாயலில் கட்டியது. படத்தைப் பார்த்தால் நம்ம ஊர்க் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும்.

சரி, இப்போது இதைக் கொஞ்சம் கிட்டே பாருங்கள். கேமராவை இறக்குகிறேன். கறுப்புப் பெட்டி, ஆரஞ்சு எழுத்து. பாஸ் எச்எம்-2. 1983-ல் ஜப்பானில் வந்த டிஸ்டார்ஷன் பெடல், கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்க காலால் அழுத்தும் பெட்டி. என்னிடம் இருப்பது 2021-ல் திரும்பக் கொண்டுவந்த பதிப்பு. சுவீடனின் ஸ்டாக்ஹோம் டெத் மெட்டல் என்று உறுமல் குரல் மெட்டலை நாம் கொண்டாடுகிறோமே, அந்த ஊர் என்டூம்ட் குழுவின் 1990 ஆல்பத்தில் ரம்பம் அறுப்பது மாதிரி ஒரு கிட்டார் வருமே, அந்தச் சத்தம் இந்தப் பெட்டியிலிருந்து வந்தது. எல்லாத் திருகையும் கடைசி வரைக்கும் திருப்பி வைத்தார்கள், அவ்வளவுதான். கேளுங்கள்... கேட்டதா? இதே மாதிரி கிட்டார் செய்யும் இபனீஸ் நாகோயாக் கம்பெனி. அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகாவின் ஹெட்ஃபீல்டும் ஹாமெட்டும் வாசிக்கிற ஈஎஸ்பி கிட்டார் கம்பெனி, 1975-ல் டோக்கியோவில் ஒரு கடையாக ஆரம்பித்தது. ஐரோப்பா, அமெரிக்கா என்று நான் நினைத்துக் கேட்ட இசைக்குள் ஜப்பானியக் கை எப்போதோ இருந்திருக்கிறது. அவர்களுடைய கைதட்டலைக் கேட்டேன், அவர்கள் செய்த கருவியைக் கேட்டேன், குரலை மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

அந்தக் குரலை முழுசாகக் கேட்டது நிங்கென் இசு என்ற குழுவில்தான். இந்த வீடியோவே இவர்களுக்காகத்தான்.

நிங்கென் இசு என்றால் மனித நாற்காலி. எடோகாவா ரம்போ எழுதிய ஒரு திகில் கதையின் பெயர். ஜப்பானின் பெரிய தீவில் வடகோடியில் இருக்கும் ஆவோமோரி மாவட்டம், அதில் ஹிரோசாகி. ஆப்பிளுக்குப் பேர்போன ஊர், குளிர்காலத்தில் பனி மூடிவிடும். அந்த ஊர்ப் பள்ளி நண்பர்கள் ஷின்ஜி வாஜிமா, கெனிச்சி சுசுகி. இருவருக்கும் பிளாக் சாபத் என்றால் உயிர். 1987-ல் குழு தொடங்கினார்கள். 1989-ல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தலைகாட்டினார்கள், 1990-ல் முதல் முழு ஆல்பம் வந்தது. அதன் பெயர் 'நிங்கென் ஷிக்காகு'. ஒசாமு தசாயின் நாவல் பெயர் அது, தசாயும் அதே மண்ணின் ஆள்.

அதற்கப்புறம் நீண்ட காலம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. வாஜிமா கிடைத்த வேலையையெல்லாம் பார்த்துக்கொண்டு பாட்டு எழுதினார். ஆல்பம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. 2019-ல் ஒரு பாட்டை யூடியூபில் போட்டார்கள். ஆங்கிலத்தில் 'ஹார்ட்லெஸ் ஸ்கேட்' என்று தலைப்பு, எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். மறு வருடம் ஐரோப்பாவுக்கு வாசிக்கப் போனார்கள். குழு தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது!

அந்த வீடியோவைப் போட்டதும் முதலில் கண்ணில் படுவது சுசுகி. மொட்டைத் தலை, முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, துறவி மாதிரி உடை, தோளில் பேஸ். பக்கத்தில் வாஜிமா கிமோனோவும் கண்ணாடியுமாக, பழைய காலத்து எழுத்தாளர் ஒருவர் கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்தது போல. அந்த கிட்டார் கிப்சன் எஸ்ஜி, பிளாக் சாபத்தின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி வாசிக்கிற அதே ரகம். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, மெதுவாக, கனமாக இறங்குகிறது. மூன்றே பேர்தான், ஆனால் சத்தத்தில் எங்கேயும் ஓட்டை இல்லை.

அப்புறம் பாடத் தொடங்கினார்கள். ஜப்பானிய மொழியில் அசைகள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும், அதனால் பாடகர் எந்த இடத்திலும் இழுத்து நிறுத்த முடிகிறது. வினைச்சொல் தமிழைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வரும். மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டபோது இது புரிந்தது. என்ன நடந்தது என்பது கடைசிச் சொல் வரும்வரை தெரியாது, அந்தச் சொல் ரிஃப்பின் கடைசி அடியோடு சேர்ந்து விழுகிறது. ஆங்கில மெட்டலில் இந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததில்லை. அடடா, ஒரு தமிழ்க் காதுக்கு இது வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கிறது.

இவர்கள் சில பாட்டை ட்சுகாரு வட்டார வழக்கில் பாடுகிறார்கள். டோக்கியோக்காரர்களுக்கே பிடிபடாத பேச்சு அது. 'ரிங்கோ நோ நமிதா', ஆப்பிளின் கண்ணீர் என்று அர்த்தம், அந்தப் பாட்டில் வாஜிமாவின் கிட்டார் ட்சுகாரு ஷாமிசென் மாதிரி படபடவென்று தெறிக்கும். ஷாமிசென் மூன்று தந்தி வாத்தியம். அந்த வட்டாரத்துக்காரர்கள் தந்தியோடு தோலையும் சேர்த்து அடித்து வாசிப்பார்கள், தாளமும் ராகமும் ஒரே அடியில் வரும். அதை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரும் எஸ்ஜி கிட்டாரும் இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார் மனிதர். சாபத்தின் ஊரான பர்மிங்காமில், தொழிற்சாலைத் தெருவில் பிறந்த இசை, பனி மூடிய ஓர் ஆப்பிள் ஊரின் பேச்சுவழக்கில் வேர்விட்டிருக்கிறது. ஊர் மொழியில் பாடினால் வெளியே போகாது என்று சொல்கிறவர்கள் இந்தக் குழுவைக் கேட்க வேண்டும்.

2013-ல் ஜப்பானில் முதல் ஆஸ்ஃபெஸ்ட், ஆஸி ஆஸ்போர்ன் பெயரில் நடக்கும் மெட்டல் விழா, நடந்தது. பிளாக் சாபத் வாசித்த அந்த விழாவில் நிங்கென் இசுவும் வாசித்தார்கள். ஹிரோசாகியில் சாபத் கேட்டு வளர்ந்த இரண்டு பையன்கள்! இதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது, இப்போது சொல்லும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சை என்ற டோக்கியோ குழு பிளாக் மெட்டல், அதாவது மெட்டலிலேயே இருண்ட, கரடுமுரடான வகை, வாசிக்கிறது. அவர்களுடைய முதல் ஆல்பத்தை 1993-ல் நார்வேயில் மேஹெம் என்ற குழுவின் கிட்டார் கலைஞர் யூரோனிமஸ் நடத்திய நிறுவனம் வெளியிட்டது. நார்வேயின் பிளாக் மெட்டல் அலை உச்சத்தில் இருந்த நேரத்தில் அங்கே ஒரு டோக்கியோ குழுவுக்கு இடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். போரிஸ் மூன்று பேர் குழு. தகேஷி ஒரே உடம்பில் கிட்டாரும் பேஸும் உள்ள இரட்டைக் கழுத்துக் கருவியை வைத்துக்கொண்டு பாடுவார், வாத்தா என்ற பெண் ஆடாமல் அசையாமல் நின்று மலை சரிகிற மாதிரி கிட்டார் வாசிப்பார். 2000-ல் வந்த 'ஃப்ளட்' 70 நிமிடம், அவசர வேலை இருக்கும் நாளில் தொடாதீர்கள். லவ்பைட்ஸ், ஐந்து பெண்கள், இரட்டைக் கிட்டார், மெய்டன் பிடிக்கும் எல்லாருக்கும் பிடிக்கும்.

பேபிமெட்டல் பற்றி ஒரு வார்த்தை. 2014-ல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தபோது, சின்னப் பெண்கள் ஆடுவதெல்லாம் மெட்டலா என்று நான் தள்ளிவிட்டேன். அது தப்பு, இங்கேயே ஒத்துக்கொள்கிறேன். பின்னால் வாசிக்கிறவர்களின் கை சுத்தத்தையும் பாடகி சு-மெட்டலின் குரலையும் கேட்காமலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். 2025-ல் நம் டெல்லிக் குழு பிளட்டிவுட்டோடு சேர்ந்து பாடியதையும் கேளுங்கள், இந்தியும் ஜப்பானியமும் ஒரே ரிஃப்பின் மேல் ஓடுகின்றன.

பழசுக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஃப்ளவர் டிராவலிங் பேண்ட். சாபத்தின் முதல் ஆல்பம் வந்தது 1970-ல். அதே வருடம் இவர்கள் சாபத் பாட்டை எடுத்து வாசித்துவிட்டார்கள். மறு வருடம் வந்த 'சதோரி' ஐந்து பாகம், ஹிடேகி இஷிமாவின் கிட்டார் ராகம் மாதிரி வளைந்து வளைந்து போகும். பின்னாளில் சித்தாரும் கிட்டாரும் கலந்த ஒரு கருவியையே அவர் செய்துகொண்டார். அந்த ஆல்பத்தை இப்போதுதான் சிடியாக வாங்கினேன். இதோ, முதுகில் சுற்றியிருக்கிறதே ஒரு காகிதப் பட்டை, இதற்குப் பெயர் ஓபி. கிமோனோவில் இடுப்பில் கட்டும் பட்டைக்கும் அதே பெயர்தான். ஒரு எழுத்துகூட எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் கிழியாமல் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி மறுபடியும் 'மெய்டன் ஜப்பான்' போட்டேன், கைதட்டல் வரும் இடங்களுக்காகவே. 1981 மே மாதம், நாகோயா. அடுத்த வருடம் அதே நாகோயாவில் அவுட்ரேஜ் என்ற த்ராஷ் குழு, அதாவது அதிவேக மெட்டல் குழு, தொடங்கியது. அவர்களுடைய முதல் ஆல்பத்தை இன்னும் கேட்கவில்லை. அக்கா பையன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான், அவனோடு உட்கார்ந்து கேட்கலாம் என்று வைத்திருக்கிறேன்.