சக்கரம் சுழல இரண்டு விரல் உயரம் போதும்: வீட்டிலேயே பைக்கைத் தூக்கி நிறுத்தும் வழிகள்

[காட்சி: திருமங்கலம் அருகே ஒரு வீட்டு முற்றம். வேப்பமர நிழலில் ஒரு ஸ்பிளெண்டர். பக்கத்தில் பலகை, கட்டைகள், கயிறு.]

குரல்: வணக்கம். செயினுக்கு எண்ணெய் விட வேண்டும், பிரேக் ஷூ மாற்ற வேண்டும், பஞ்சரான ட்யூபைக் கழற்ற வேண்டும். மூன்றுக்கும் சக்கரம் தரையை விட்டு எழும்பியாக வேண்டும். பட்டறையில் அதற்கு மேடை இருக்கிறது, நம் வீட்டில் இல்லை. ஆனால் சக்கரம் சுழல இரண்டு விரல் இடைவெளி போதும். கழற்றி உருவுவதற்கு இன்னும் கொஞ்சம் வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு உயரம் தூக்குகிறோம் என்பதைவிட, தூக்கியது எந்தப் பக்கம் சாயும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

[காட்சி: கரிசல் மண்ணில் ஸ்டாண்டின் கால் பதிந்த குழி.]

குரல்: போன ஐப்பசி மழைக்குப் பிறகு இதே முற்றத்தில் டபுள் ஸ்டாண்ட் போட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். கரிசல் மண் மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். ஸ்டாண்டின் ஒரு கால் மெல்ல இறங்கியது. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க உட்கார்ந்திருந்த என் அக்கா மகனின் காலுக்கு ஒரு சாண் தள்ளி ஹேண்டில் பார் விழுந்தது. ஸ்பிளெண்டரின் எடை சுமார் 112 கிலோ. அன்றைக்கு அவன் "மாமா!" என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த வீடியோவை எடுப்பதே அதனால்தான்.

ஆகவே மண்தரையாக இருந்தால் ஸ்டாண்டின் இரண்டு கால்களுக்கும் அடியில் ஒரே நீளப் பலகை வையுங்கள். ஒன்றரை அங்குலக் கனமாவது இருக்கட்டும். பழைய கதவுப் பலகை அருமையாகப் பொருந்தும். செங்கல், ஹாலோ பிளாக், கடப்பைக்கல் மூன்றும் வேண்டாம். மரம் நசுங்கும்போது முனகும், நமக்குத் தெரிந்துவிடும். கல் சொல்லாமல் பிளக்கும்.

[காட்சி: வலது கால் ஸ்டாண்டின் மிதிமேல். இடது கை ஹேண்டில் பாரில், வலது கை பின்பக்கப் பிடியில்.]

குரல்: டபுள் ஸ்டாண்ட் போடுவது கைவேலை அல்ல, கால்வேலை. ஸ்டாண்டின் இரண்டு கால்களும் தரையைத் தொட்டதா என்று பார்த்துவிட்டு, உடம்பின் எடையை மிதிமேல் இறக்குங்கள். கை, வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும். பின்டயரில் காற்று இல்லையென்றால் வண்டி தாழ்ந்து நிற்கும், ஸ்டாண்ட் ஏறாது. அப்போது பின்சக்கரத்தை ஒரு பலகைமேல் உருட்டி ஏற்றிவிட்டு மிதித்தால் சுலபமாக ஏறிவிடும்.

வண்டி முன்னால் நகர்ந்தால் ஸ்டாண்ட் பின்பக்கமாக மடங்கிவிடும். அதைத் தடுக்க, ஸ்டாண்டின் கால்களை எஞ்சினுக்கு முன்னால் இறங்கும் ஃபிரேம் குழாயோடு இறுக்கிக் கட்டுங்கள். முன்பிரேக் லீவரைப் பிடித்து, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி எடுத்த பட்டையால் சுற்றிவிடுங்கள். ஆக்சில் நட்டுகளை, அதாவது சக்கரத்தின் நடுத்தண்டை இறுக்கும் நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரை முழு பலத்தோடு இழுத்தால் வண்டியும் கூடவே வரும்.

[காட்சி: கேரியரில் அரிசி மூட்டை. முன்சக்கரம் மெல்ல எழும்புகிறது.]

குரல்: முன்சக்கரத்தைத் தூக்க, டபுள் ஸ்டாண்ட் போட்ட வண்டியின் பின்னால் 25 கிலோ அரிசி மூட்டையை வைத்துக் கட்டுங்கள். பின்சக்கரம் இறங்கித் தரையைத் தொடும், முன்சக்கரம் எழும்பும். உடனே எஞ்சினுக்கு அடியில் ஓடும் இரண்டு ஃபிரேம் குழாய்களுக்கும் குறுக்கே ஒரு கட்டையைக் கொடுத்துவிடுங்கள். ஆயில் நட்டின்மேலோ சைலன்சர்மேலோ கட்டை படக் கூடாது. சில வண்டிகளில் எஞ்சினுக்கு அடியில் குழாயே இருக்காது. அவற்றுக்கு இந்த முறை வேண்டாம்.

டபுள் ஸ்டாண்டே இல்லாத வண்டி வைத்திருப்பவர்களும் பலர். செயின் வேலை மட்டும் என்றால், சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் வண்டியை இடப்பக்கமாகச் சற்றே சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் வலப்பக்க ஸ்விங் ஆர்முக்கு (பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை) அடியில் ஒரு சவுக்குக் கட்டையை முட்டுக்கொடுக்கலாம். பின்சக்கரம் சுழலும். சக்கரத்தைக் கழற்ற இது ஆகாது. 195 கிலோ எடையுள்ள கிளாசிக் 350 போன்ற வண்டிகளுக்கும் இதைச் சொல்லமாட்டேன்.

கார் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். அதன் தலை குறுகியது, வண்டி பக்கவாட்டில் புரளும். தூக்கியதும் இருபுறமும் கட்டை அடுக்கி, பாரத்தைக் கட்டைகளுக்கு மாற்றிவிடுங்கள்.

[காட்சி: கேமரா வேப்பங்கிளையை நோக்கி உயர்கிறது.]

குரல்: மரக்கிளையில் கயிறு கட்டித் தூக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கிணற்றுக் கப்பி ஒன்றை மேலே மாட்டினால் இழுக்கும் திசை மாறுமே தவிர, எடை குறையாது. கை நழுவினால் அவ்வளவும் கீழே வந்துவிடும். சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக் கிடைத்தால் அது விட்ட இடத்திலேயே நிற்கும். ஆனால் கரையான் அரித்த பனை உத்திரத்தில் அதையும் மாட்டாதீர்கள்.

[காட்சி: சக்கரம் திரும்ப மாட்டப்படுகிறது. கட்டைகள் ஒவ்வொன்றாக உருவப்படுகின்றன.]

குரல்: வேலை முடிந்ததும் வண்டியை இறக்கி, ஆக்சில் நட்டுகளைத் தரையில் வைத்தே கடைசியாக இறுக்குங்கள். ஸ்டாண்டில் கட்டிய கயிற்றை அவிழ்த்தாயிற்றா? தெருவுக்கு எடுக்கும் முன் முற்றத்திலேயே இரண்டடி உருட்டி, பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பாருங்கள்.