வால்வு மூடி போட்டா எஸ்பிரெஸோ வந்துடுமா? எடை மெஷின் மேல வச்சு அமுக்கிப் பார்த்துட்டேன்

வணக்கம் மக்களே. கையெல்லாம் காபித்தூள், கேமராவைத் தொட முடியல. கொஞ்சம் கோணலாத்தான் தெரியுது, அப்படியே பாருங்க.

இது ஏரோபிரஸ். தெரியாதவங்களுக்கு ஒரு வரியில சொல்றேன்: பெரிய சைஸ் ஊசி சிரிஞ்ச் மாதிரி. மேல தூளும் சுடுதண்ணியும், கீழ ஃபில்டர், பிளஞ்சரை வச்சு அமுக்குனா கப்புல காபி. 2005-ல வந்தது. பண்ணவர் ஆலன் அட்லர், அமெரிக்க இன்ஜினியர். அதுக்கு முன்னாடி அவர் பேர் வாங்குனது ஏரோபின்னு ஒரு பறக்கிற வளையத்துக்கு. வளையத்தை வீசிட்டு வந்து காபி போட்டிருக்காரு மனுஷன்.

இந்தக் கறுப்பு மூடிதான் இன்னைக்கு விஷயம். சாதா மூடியில நிறைய ஓட்டை இருக்கும், தண்ணி ஊத்துன அடுத்த நொடியே சொட்ட ஆரம்பிச்சிடும். இதுல நடுவுல ஒரே ஒரு சின்ன ஓட்டை, அதை அடைச்ச மாதிரி ஒரு சிலிக்கான் வால்வு. அழுத்தம் வந்தாத்தான் திறக்கும். உள்ள பேப்பருக்குப் பதிலா மெல்லிசா ஒரு மெட்டல் ஃபில்டர். ப்ரிஸ்மோன்னு ஃபெல்லோ கம்பெனி போட்டது இந்த வகையில நிறைய பேருக்குத் தெரியும், ஏரோபிரஸ்காரங்களே ஃப்ளோ கன்ட்ரோல்னு ஒண்ணு விட்டிருக்காங்க. எதை வாங்கினாலும் அடிப்படை வேலை ஒண்ணுதான்.

"இதுல எஸ்பிரெஸோ வருமா?" இந்த ஒரு கேள்வியைத்தான் எல்லாரும் கேக்குறீங்க. எஸ்பிரெஸோன்னா மெஷின் அதிக அழுத்தத்துல பிழிஞ்சு எடுக்குற கெட்டிக் காபி. வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. இருங்க.

இது நாம ஏறி நிக்கிற எடை மெஷின். மேசை மேல வச்சுட்டேன். அது மேல கப்பு, கப்பு மேல ஏரோபிரஸ். இப்ப நான் தினமும் எப்படி அமுக்குவேனோ அப்படி அமுக்குறேன்... பாருங்க, 24, 25. பல்லைக் கடிச்சுட்டு அமுக்குறேன்... 39, 40. போதும், மேசை ஆடுது.

இப்ப கணக்கு. குழாயோட உள்விட்டம் சுமார் 6 சென்டிமீட்டர். பரப்பளவு 28 சதுர சென்டிமீட்டர் சொச்சம். 25 கிலோவை அந்த 28-ல பிரிச்சுப் போட்டா சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகூட வரல. அதாவது பார்ங்கிற அழுத்த அளவுல 0.9 கிட்ட. பல்லைக் கடிச்சா 1.4. காபிக் கடை மெஷின்ல ஓடுறது 9 பார். அந்த 9 இதுல வரணும்னா நான் 260 கிலோ எடையை மேல ஏத்தணும். என் எடை 68. ரெண்டு காலையும் தூக்கிட்டு இது மேல உக்காந்தாக்கூட 2.4 பார் தாண்டாது. உக்காராதீங்க, சும்மா கணக்குக்குச் சொன்னேன்.

லீவர் வச்ச கை மெஷின்ல மட்டும் எப்படி 9 பார் வருதுன்னா, நெம்புகோல். நீளமான கைப்பிடி நம்ம பலத்தைப் பல மடங்காக்கிடும். இங்க நெம்புகோல் இல்ல, நேரா உள்ளங்கைதான்.

அப்போ எஸ்பிரெஸோன்னு சொல்றது பொய்யா? இங்கதான் எனக்கு ஒரு தமாஷ் கிடைச்சுது. லூயிஜி பெஸெரா இத்தாலியில தன்னோட மெஷினுக்கு காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சது 1901-ல. அது நீராவியில ஓடுனது, அழுத்தம் ஒன்றரை பார் அளவுதான். அதுல வந்ததையும் எஸ்பிரெஸோன்னுதான் குடிச்சாங்க. மேல நிக்கிற அந்தப் பொன்நிற நுரை, கிரெமா, அதெல்லாம் ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அக்கிலே காஜியாவோட ஸ்பிரிங் லீவர் மெஷின் வந்த பிறகுதான். மோட்டார் பம்ப்ல 9 பார் குடுத்த ஃபேமா ஈ61 வந்தது 1961-ல. ஆக என் உள்ளங்கை 1901-ல நிக்குது. எனக்கு இதுல வருத்தமே இல்ல.

ஆனா அமுக்கும்போது மேல நுரை வருதேன்னு கேப்பீங்க. வருது. அது கிரெமா இல்ல. நிஜ கிரெமாவுல தூளுக்குள்ள இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு அந்த அழுத்தத்துல காபியில கரைஞ்சு, வெளிய வந்ததும் பொடிப் பொடிக் குமிழியா எண்ணெயோட சேர்ந்து நிக்கும். இங்க சின்ன ஓட்டை வழியா பீச்சி அடிக்கிறதால காத்து கலந்து நுரைக்குது. நீங்க போட்டோ எடுக்குறதுக்குள்ள பாதி காணாமப் போயிடும்.

அப்போ மூடியால என்னதான் பிரயோஜனம்? ரொம்ப நாளா நான் இதைத் தப்பாப் புரிஞ்சுட்டிருந்தேன். வால்வு அழுத்தம் குடுக்குதுன்னு நினைச்சு ஜிம்முல இருக்கிற மாதிரி அமுக்கிட்டிருந்தேன். அது நிஜமாப் பண்றது தண்ணியைப் பிடிச்சு வைக்கிறது. சாதா மூடியில 60 மில்லி மட்டும் ஊத்துனா தூள் ஒழுங்கா நனையுறதுக்குள்ள ஒரு பங்கு கீழ போயிடும். அதனாலதான் நிறைய பேர் தலைகீழாக் கவுத்து வச்சுப் போடுறாங்க, அப்புறம் திருப்புறப்ப கையைச் சுட்டுக்கிறாங்க. வால்வு இருந்தா ஒரு சொட்டு இறங்காது. கொஞ்சூண்டு தண்ணியில நிறைய தூளை நிதானமா ஊற விடலாம். கெட்டியான காபிக்கு வழி அதுதான்.

சரி, போடலாம். 20 கிராம் தூள். எஸ்பிரெஸோ மெஷினுக்கு அரைக்கிறதைவிட ஒரு பொடி பெருசா, டேபிள் சால்ட்டைவிட நைசா. மாவு மாதிரி அரைச்சீங்கன்னா பாதியில பிளஞ்சர் நின்னுடும், தள்ளவே முடியாது. வறுவல் மீடியம், இல்ல அதுக்கு ஒரு படி கறுப்பு. லைட் ரோஸ்ட் வேண்டாம்னு சொல்வேன், எனக்கு ஒவ்வொரு தடவையும் புளிச்சுதான் வந்திருக்கு.

தண்ணி... கொதிச்சிடுச்சு. 92 டிகிரி, 88 டிகிரின்னு ஆற விடுற பழக்கம் இருந்தா இதுக்கு மட்டும் மறந்துடுங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்துங்க. ஏன்னா ஊத்துறதே 60 கிராம். அறை வெப்பத்துல இருக்கிற 20 கிராம் தூளும் பிளாஸ்டிக் குழாயும் சேர்ந்து அந்தச் சூட்டைக் குடிச்சிடும். உள்ள போனதும் 90 நிக்கிறதே பெருசு. அதனால குழாயையும் கப்பையும் முதல்ல சுடுதண்ணியில அலசிடுவேன்.

மூடியை மாட்டும்போது ஒரு எச்சரிக்கை, சொந்த அனுபவம். கடைசி வரைக்கும் திருகுங்க. ஒரு தடவை நான் பேசிக்கிட்டே அரைகுறையா மாட்டிட்டேன். அமுக்குனதும் மூடி கழண்டு, மொத்தத் தூளும் கப்பு, மேசை, என் வெள்ளைச் சட்டை எல்லாத்துலயும். அந்தச் சட்டையைத்தான் இப்ப கேமரா துடைக்க வச்சிருக்கேன். கப்பும் தடிமனா, நேர் சுவரா இருக்கட்டும். மெல்லிசு கண்ணாடி டம்ளர் மேல 25 கிலோ ஏத்தாதீங்க.

ஊத்தியாச்சு. இப்ப கலக்கணும், சும்மா சுத்துறது இல்ல, அடி வரைக்கும் கரண்டி போகணும். தூள் ஜாஸ்தி, தண்ணி கம்மி, அதனால நடுவுல காஞ்ச உருண்டை நிக்கும். 15 நொடி நல்லாக் கலக்கி, பிளஞ்சரை மேல லேசா வச்சு, மொத்தம் ஒரு நிமிஷம்.

முதல் கப்பை வேகமா அமுக்குறேன். ...ம்ம். பீச்சி அடிச்சுது, நுரையும் வந்துடுச்சு. தராசுல 37 கிராம்.

ரெண்டாவது கப்பு, எல்லாம் அதே அளவு, ஆனா மெதுவா. உள்ளங்கையை வச்சு உடம்பு எடையை மட்டும் சாய்க்கிறேன். இருபது நொடி ஆகும். ...புஸ்ஸுன்னு காத்துச் சத்தம் வந்ததும் நிறுத்திடணும். 36 கிராம். நுரை பேருக்குத்தான்.

குடிச்சுப் பார்க்கிறேன். முதல் கப்பு... கெட்டி இருக்கு, முடியிற இடத்துல நாக்குல கரகரப்பு, கொஞ்சம் துவர்ப்பு. ரெண்டாவது... இது இனிப்பா முடியுது. அடியில வண்டல் கம்மி. என் ஓட்டு இதுக்குத்தான். போட்டோவுக்கு முதல் கப்பு, வாய்க்கு ரெண்டாவது.

வண்டலே பிடிக்கலன்னா மெட்டல் ஃபில்டர் மேல ஒரு பேப்பர் ஃபில்டரும் போட்டுக்கோங்க. கலங்கல் போயிடும், கூடவே எண்ணெயும் கொஞ்சம் போயிடும், வாயில அந்த வழவழப்பு குறையும். இன்னொரு விஷயம், பேப்பர்ல வடிகட்டாத காபியில கஃபெஸ்டால்னு ஒண்ணு இருக்கு, கெட்ட கொழுப்பை ஏத்தும், பேப்பர் அதைப் பெரும்பாலும் பிடிச்சுக்கும். கொலஸ்ட்ரால் பார்க்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தா யோசிக்காம பேப்பர் போட்டுடுங்க.

வெறுமனே குடிக்க இது எஸ்பிரெஸோவுக்கு ஈடு இல்ல, அதை மறைக்க மாட்டேன். அந்த சிரப் மாதிரி கனம் இதுல வராது. ஆனா பால் சேர்த்தா கதையே வேற. இந்த 36 கிராமுக்கு 120 மில்லி பால், 60-லேருந்து 65 டிகிரிக்குள்ள சூடு. கொதிக்க விட்டா அந்தத் தித்திப்பு போயிடும். ஃபிரெஞ்ச் பிரஸ்னு வலை வச்ச கம்பியை அமுக்குற காபி ஜாடி இருந்தா, அதுல பாலை ஊத்தி கம்பியை ஏத்தி இறக்குனா நுரை ரெடி. லாட்டேன்னு குடுத்தா பாதிப் பேர் மெஷின் எங்கன்னு தேடுவாங்க.

கழுவுறது சுலபம். மூடியைக் கழட்டி ஒரு தள்ளு, தூள் வடை மாதிரி குப்பையில விழுந்துடும். வால்வை மட்டும் தனியா எடுத்து வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க, எண்ணெய் பிடிச்சா ரெண்டு வாரத்துல ஊசிப் போன வாசனை வரும். பிளஞ்சரைக் குழாய்க்குள்ளேயே விட்டு வைக்காதீங்க, ரப்பர் நசுங்கிப் பழகிடும், அப்புறம் ஓரமா காத்து கசியும்.

ரெண்டாவது கப்புல பால் ஊத்தியாச்சு. இதை நான் குடிக்கிறேன். அந்த முதல் கப்பு இன்னும் இங்கேயே இருக்கு... நுரை எங்க போச்சுன்னு பாருங்க, ஒண்ணுமே இல்ல.