புதுத் திரிபு வந்தால் பழைய தடுப்பூசி என்ன ஆகும்?

[திரை: கறுப்புப் பின்னணி. நடுவில் 95% என்ற எண். அது மெல்லச் சரிந்து 9%-க்கு வந்து நிற்கிறது.]

இந்த இரண்டு எண்களும் ஒரே தடுப்பூசியுடையவை. இரண்டுமே உண்மை.

2020 கடைசியில் ஃபைசர் கோவிட் தடுப்பூசி 95 சதவீதம் பாதுகாப்பு தருகிறது என்று செய்தி வந்தது. ஒமைக்ரான் என்ற புதுத் திரிபு, அதாவது உருமாறிய கொரோனா வைரஸ், வந்த பிறகு இங்கிலாந்தில் அதே தடுப்பூசியை மறுபடி அளந்தார்கள். இரண்டு டோஸ் போட்டு 25 வாரம் தாண்டியவர்களிடம், அறிகுறியோடு கூடிய தொற்றுக்கு எதிராகக் கிடைத்தது 9 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. "அப்போ ஊசி வேஸ்ட்டா?" என்று பலரும் கேட்டது இந்த மாதிரி எண்களைப் பார்த்துத்தான்.

இப்போது மூன்றாவது எண்.

[திரை: 70%]

ஒமைக்ரான் பரவத் தொடங்கிய வாரங்களில் தென்னாப்பிரிக்காவில் எடுத்த கணக்கு இது. அங்கேயும் அதே ஃபைசர், அதே இரண்டு டோஸ். மருத்துவமனையில் சேரும் நிலைமைக்கு எதிராக 70 சதவீதம். ஒமைக்ரானுக்கு முன்னால் இது 93 ஆக இருந்தது. இறங்கியிருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் 9 எங்கே, 70 எங்கே?

ஆக, "தடுப்பூசி வேலை செய்கிறதா?" என்பது பாதிக் கேள்வி. எதைத் தடுக்க, ஊசி போட்டு எத்தனை மாதம் கழித்து என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். அந்த 95-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 43,000 பேர் கலந்துகொண்ட சோதனை. இரண்டாவது டோஸுக்கு ஒரு வாரம் கழித்து அறிகுறியோடு நோய் வந்தவர்கள் 170 பேர். அதில் 162 பேர் மருந்தில்லாத ஊசி போட்டவர்கள், 8 பேர் தடுப்பூசி போட்டவர்கள். சராசரியாக இரண்டு மாதம்தான் கண்காணித்திருந்தார்கள். அதாவது எதிர்ப்பு உச்சத்தில் இருக்கும்போது எடுத்த படம் அது.

[திரை: வைரஸின் வரைபடம். ஸ்பைக் புரதம் மட்டும் நிறத்தில்.]

சரி, உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது?

ஊசி போட்டதும் உருவாகும் ஆன்டிபாடிகள் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. முகம் பார்த்துத்தான் ஆளைப் பிடிப்பார்கள். கொரோனா வைரஸுக்கு முகம் என்பது அதன் மேல் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம். ஒமைக்ரானின் ஸ்பைக்கில் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள். அதில் பாதி, நம் செல்லைப் பற்றிக்கொள்ளும் இடத்திலேயே. ஆன்டிபாடிகள் அதிகம் போய் ஒட்டுவதும் அங்கேதான். மீசையை எடுத்து, தலைமுடியை மாற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தவனைக் காவலாளி உள்ளே விட்டுவிடுகிறார்.

இதோடு இன்னொன்று. மாதங்கள் போகப் போகக் காவலாளிகளின் எண்ணிக்கையும் குறையும். அது எல்லா ஊசிக்கும் இயல்பு. திரிபால் வந்த இறக்கமும் காலத்தால் வந்த இறக்கமும் செய்திகளில் ஒன்றாகக் கலந்துவிடும். ஒமைக்ரான் வந்தபோதும், இரண்டாவது டோஸ் போட்ட சில வாரங்களில் அளந்தால் இங்கிலாந்துக் கணக்கு 65 சதவீதத்தைத் தாண்டியது. அந்த 9 சதவீதத்தில், ஊசி போட்டு நாளாகிவிட்டது என்பதற்கும் பெரிய பங்கு உண்டு.

வாசலைத் தாண்டியவன் செல்லுக்குள் நுழைந்துவிட்டான். இனி காவலாளியால் பயனில்லை. இங்கேதான் டி செல் என்ற வெள்ளை அணு வருகிறது. என் பார்வையில் இந்தக் கதையின் நாயகன் இவர்தான். ஆன்டிபாடி அளவை ரத்தப் பரிசோதனையில் சுலபமாக எண்ணிவிடலாம், டி செல்லை அளப்பது பெரிய வேலை. அதனாலோ என்னவோ செய்திகளில் இவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை.

[திரை: ஒரு செல். அதன் வெளிச்சுவரில் சின்னச் சின்னப் புரதத் துண்டுகள்.]

நம் செல்கள் உள்ளே இருக்கும் புரதங்களை வெட்டி, துண்டுகளைச் சுவருக்கு வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் யார் தங்கியிருக்கிறார்கள் என்பதை வாசல் குப்பைத்தொட்டியைக் கிளறிக் கண்டுபிடிப்பது போல, டி செல் இந்தத் துண்டுகளைப் பார்த்துத் துப்புத் துலக்கும். முகம் எப்படி மாறியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஸ்பைக்கின் எந்த மூலையிலிருந்தும் துண்டு வரலாம், மாறாத பகுதிகள் அதில் நிறைய. போதாததற்கு, எந்தத் துண்டைக் காட்டுவது என்பது ஆளுக்கு ஆள் மரபுப்படி வேறுபடும். என் உடம்பில் ஒரு துண்டை மறைத்துத் தப்பிக்கும் திரிபு, உங்கள் உடம்பில் வேறொரு துண்டால் மாட்டிக்கொள்ளும். ஒமைக்ரானை எதிர்த்து டி செல் எதிர்வினையில் 70 முதல் 80 சதவீதம் அப்படியே மிஞ்சியிருந்ததாக ஆய்வு காட்டியது.

டி செல் தொற்றைத் தடுக்காது. தொற்றிய செல்களை அழிக்கும், அதற்குச் சில நாட்கள் வேண்டும். ஒமைக்ரான் உடம்புக்குள் போய் மூன்று நாளில் இருமல் வந்துவிடுகிறது. ஆனால் நுரையீரல் மோசமாவதற்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் டி செல் வந்து சேர்ந்துவிடுகிறது. 9-க்கும் 70-க்கும் நடுவில் இருக்கும் தூரத்துக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள்.

[திரை: 1, 2, 3 என்று மூன்று ஊசிகள்.]

எனக்கே முதலில் நம்பக் கஷ்டமாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. பூஸ்டராக முதலில் கொடுத்தது புது ஊசி இல்லை, 2020-இல் செய்த அதே பழைய சரக்கு. ஒமைக்ரானைப் பார்த்தே இராத ஊசி. அதைப் போட்டதும் ஒமைக்ரானை முடக்கும் ஆன்டிபாடிகள் நன்றாக ஏறின! காரணம், ஊசி போட்ட பிறகும் மாதக்கணக்கில் நம் நிணநீர் முடிச்சுகளில், ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் பி செல்கள் பயிற்சி எடுத்துக்கொண்டே இருக்கின்றன. நன்றாக ஒட்டுபவை தேறும், மற்றவை கழிக்கப்படும். தேறியவற்றில் சில, கொஞ்சம் மாறிய முகத்தையும் அடையாளம் காணும். மூன்றாவது டோஸ் அவற்றைத் தட்டி எழுப்புகிறது. ஆனால் அதுவும் நிலைக்கவில்லை. அறிகுறித் தொற்றுக்கு எதிராக 67 சதவீதத்தில் தொடங்கி, பத்து வாரத்துக்குப் பின் 46 சதவீதத்தை ஒட்டி இறங்கியது.

"மருத்துவமனையில் கிடப்பவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள்தானே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கற்பனைக் கணக்கு. 10,000 பேர். 9,000 பேர் ஊசி போட்டவர்கள், 1,000 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் நூற்றுக்கு ஒருவர் மருத்துவமனைக்குப் போனால் 10 பேர். ஊசி 80 சதவீதம் காக்கிறது என்றால், போட்டவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர், மொத்தம் 18. படுக்கையில் இருக்கும் 28 பேரில் 18 பேர் ஊசி போட்டவர்கள். ஊசி நன்றாக வேலை செய்தும் கணக்கு இப்படித்தான் வரும்.

[திரை: தட்டம்மை வைரஸ்.]

எல்லா வைரஸும் இப்படி டிமிக்கி கொடுப்பதில்லை. பல நாடுகளில் இன்றும் போடும் தட்டம்மைத் தடுப்பூசி, 1954-இல் ஒரு மாணவனிடமிருந்து எடுத்த வைரஸின் வழிவந்தது. இரண்டு டோஸ் இன்றும் சுமார் 97 சதவீதம் காக்கிறது. தட்டம்மை வைரஸும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஆன்டிபாடி ஒட்டும் பல இடங்கள் அது செல்லைப் பிடிக்கத் தேவையான இடங்களாகவும் இருக்கின்றன. அங்கே மாறினால் நுழையவே முடியாது. நோய் வெளிப்படப் பத்து நாளுக்கு மேல் ஆவதால் உடம்புக்கு அவகாசமும் தாராளம்.

ஃப்ளூ இதற்கு நேர் எதிர். ஆண்டுக்கு இரண்டு முறை உலக சுகாதார நிறுவனம் கூடி அடுத்த பருவத்துக்கான வைரஸ்களைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தெடுத்த பிறகு வைரஸ் நழுவினால், 2014-15 பருவத்தில் அமெரிக்காவில் நடந்ததுபோல, பாதுகாப்பு 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

கோவிட் ஊசியும் இப்போது இந்த வழிக்கு வந்துவிட்டது. 2022-இல் பழைய வைரஸையும் ஒமைக்ரானையும் சேர்த்த இரட்டை ஊசி வந்தது. 2023-இல் பழையதைக் கழற்றிவிடச் சொன்னார்கள் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள், ஏனென்றால் அதைக் காட்டக் காட்ட உடம்பு பழைய முகத்தையே நினைவுபடுத்திக்கொள்கிறது. 2024 ஏப்ரலில் அடுத்த ஊசிக்கு ஜேஎன்.1 என்ற திரிபைப் பரிந்துரைத்தார்கள். அந்த ஊசி தயாராகிக் கைக்கு வருவதற்குள் ஜேஎன்.1 ஓய்ந்து, கேபி.3 போன்ற அதன் வாரிசுகள் முன்னால் வந்துவிட்டன. நல்லவேளையாக வாரிசுகள்தான், முகஜாடை இன்னும் பெருமளவு ஒத்துப்போனது.

[திரை: கிளை கிளையாகப் பிரியும் மரம். நுனியில் புதிதாக ஒரு தளிர்.]