ஒரே கணக்கு, இரண்டு கோள்கள்

(திரையில்: பழைய விண்மீன் வரைபடம், அதன் மேல் மெல்ல நகரும் ஒரு விரல்)

1846 செப்டம்பர் 23, இரவு. பெர்லின் வானாய்வகத்தில் வானியலாளர் யோகான் காலே தொலைநோக்கியில் தெரியும் விண்மீன்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வர, மாணவர் டாரெஸ்ட் அவற்றை வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில், வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி அகப்பட்டது. மறுநாள் இரவு பார்த்தபோது அது இடம் பெயர்ந்திருந்தது. ஆகவே அது விண்மீன் அன்று, கோள். நெப்டியூன் என்று இன்று நாம் அழைக்கும் அக்கோளை எங்கே தேட வேண்டும் என்று எழுதிய கடிதம், செப்டம்பர் 23 அன்றுதான் பாரிசிலிருந்து காலேயின் கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

கடிதத்தை எழுதியவர் பிரெஞ்சு வானியலாளர் உர்பேன் லெ வெரியே. யுரேனஸ் தனக்குரிய பாதையிலிருந்து சற்றே பிசகுவதற்கு, கண்ணுக்குப் படாத வேறொரு கோளின் ஈர்ப்பே காரணமாக இருக்க வேண்டும் என்று கொண்டு, நியூட்டனின் ஈர்ப்பு விதியை வைத்துத் தாளிலேயே அதன் இடத்தைக் கணித்திருந்தார். கணித்த இடத்துக்கும் கண்ட இடத்துக்கும் இடையே ஒரு பாகைகூட வேறுபாடில்லை. (இதில் நல்லூழும் கொஞ்சம் உண்டு: சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவைப் போல ஏறத்தாழ 36 மடங்கு அப்பால் அக்கோள் இருக்கும் என்று அவர் எண்ணினார், உண்மையில் அது 30 மடங்கு தொலைவில்தான் இருக்கிறது. திசை சரியாக அமைந்ததால் கணக்குத் தப்பித்தது.)

(திரையில்: சூரியனைச் சுற்றும் புதன், அதன் நீள்வட்டப் பாதையே மெல்லத் திரும்புகிறது)

இனி புதனைப் பார்ப்போம். அதன் பாதையில் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் புள்ளி, பிற கோள்களின் ஈர்ப்பையெல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும், நூறாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) கூடுதலாக நகர்கிறது. முழுநிலவின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் இது. 1859இல் இந்த மிச்சத்தை 38 விகலை என்று அறிவித்த லெ வெரியே, முன்பு வென்று தந்த அதே வழியில் சென்று, சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வந்தது. கண்டேன் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால், கிரகணம் தோறும் தேடியும் வல்கன் உறுதிப்படவில்லை, ஏனெனில் அப்படியொரு கோளே இல்லை.

இரண்டு கணக்குகளிலும் கூட்டல் கழித்தலில் குறையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எடுத்துக்கொண்ட விதி எல்லா இடத்திலும் முழுமையாகப் பொருந்துமா என்ற கேள்விக்கு அந்த விதியைக் கொண்டே போட்ட கணக்கால் விடை சொல்ல முடியாது. அதனால்தான் மெய்யான கோளும் பொய்யான கோளும் தாளில் ஒன்றுபோலவே தோன்றின.

1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் வானத்தில் புதிதாக எந்தப் பொருளையும் சேர்க்கவில்லை. சூரியனைச் சுற்றியுள்ள வெளியும் காலமும் வளைந்திருப்பதாகக் கொண்டு கணக்கிட்டார்; 43 விகலையும் தானாகவே வந்து விழுந்தது. அதற்கு வேண்டிய வளைந்த வெளியின் வடிவியலுக்கு, 1854இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய ஓர் உரையில் 27 வயதுக் கணிதவியலாளர் ரீமான் அடித்தளம் இட்டிருந்தார். லெ வெரியே வல்கனைத் தேடக் கிளம்பியதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு அது.