ரயில் பாதை போட்டவர்களாக நடிக்கிறார்களே, அந்த வசனமெல்லாம் நிஜமா?

அடுத்த கேள்வி. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து கோல்டன் ஸ்பைக் பூங்காவுக்குப் போய்வந்த ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த ரயில் பாதைகள் இணைந்த நாளை, அந்தக் காலத்து உடையில் நடித்துக் காட்டினார்கள். அவர்கள் பேசியதெல்லாம் அன்றைக்குப் பேசியதுதானா?"

1869 மே 10 விழாவைப் பொறுத்தவரை பெரும்பாலும் நம்பலாம். பத்திரிகைக்காரர்கள் நேரில் இருந்தார்கள். மேற்கிலிருந்து பாதை போட்டுவந்த சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் தலைவர் ஸ்டான்போர்டின் பேச்சு அச்சில் இருக்கிறது. 'முடிந்தது' என்று தந்தி போனதும் பதிவாகியிருக்கிறது. ஜூபிடர், 119 என்று நீங்கள் பார்த்த எஞ்சின்கள் மட்டும் 1979-ல் செய்த நகல்கள். அசலை எப்போதோ உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

சிக்கல், தொழிலாளியாக நடிப்பவர் வாயைத் திறக்கும்போதுதான். சென்ட்ரல் பசிபிக் பாதையில் வேலை பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். அவர்களில் ஒருவர்கூடத் தன் கையால் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ இதுவரை கிடைக்கவில்லை. சம்பளப் பதிவேட்டிலும் பெரும்பாலும் கங்காணியின் பெயர்தான். 1869 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 10 மைலுக்கு மேல் தண்டவாளம் போட்டார்கள். இரும்பைத் தூக்கிய எட்டு ஐரிஷ்காரர்களின் பெயரை எழுதி வைத்தார்கள். கூடவே உழைத்த சீனர்களின் பெயரை யாரும் எழுதவில்லை. எனக்கு இது ஆறவே ஆறாத விஷயம்.

அப்படியென்றால் அந்தச் சீனத் தொழிலாளியாக எப்படி நடிப்பது? என்னைக் கேட்டால், வசனத்தைக் குறைத்துவிட்டு வேலையைச் செய்து காட்ட வேண்டும். வெந்நீரில் போட்ட தேநீரைக் காலி வெடிமருந்துப் பீப்பாய்களில் ஊற்றி, கம்பின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டு, தோளில் சுமந்து வேலையிடத்துக்குக் கொண்டுவருவார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்ததால்தான் அவர்களுக்கு வயிற்றுப்போக்கு அதிகம் வரவில்லை. அந்தக் கம்பைத் தோளில் வைத்து நடிகர் நாலு அடி நடந்தாலே போதும், கற்பனை வசனம் எதுவும் வேண்டாம்.

பேசித்தான் ஆகவேண்டும் என்றால் சீனத் தொழிலாளிகள் 1867 ஜூனில் செய்த வேலைநிறுத்தத்தைப் பேசட்டும். மாதம் 40 டாலர் சம்பளம், நாளைக்கு வெளியே 10 மணி நேரம், சுரங்கப்பாதைக்குள் 8 மணி நேரம் வேலை என்று கேட்டார்கள். கம்பெனி சாப்பாட்டுச் சாமான் வருவதை நிறுத்தியது. ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்துபோனது. பத்திரிகையிலும் முதலாளிகளின் கடிதங்களிலும் பதிவான விஷயம் இது.

அடுத்த முறை போனால், காட்சி முடிந்ததும் நடிகரிடம் போய், "இந்த வரியை எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். ஆதாரம் தேடிப் படித்தவர் என்றால் சந்தோஷமாகவே சொல்வார்.