போகிற ஊரின் கலைஞர்களைத் தேடிப் போங்கள்

(சுங்கை சிப்புட்டில், மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லும் மாணவர்களை வழியனுப்பும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, விமானம் ஏறப்போகும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

பெட்டியில் என்ன வைப்பது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றெல்லாம் வீட்டில் சொல்லியிருப்பார்கள். நான் ஒன்று மட்டும் சொல்ல வந்திருக்கிறேன். போகிற ஊரில் பேர்பெற்ற கலைஞர்களும் விளையாட்டாளர்களும் யார் யார் என்று விசாரியுங்கள். அவர்கள் பயிற்சி செய்யும் இடத்துக்கே போய் நில்லுங்கள்.

நான் மருத்துவம் படித்தது இந்தோனேசியாவில், பண்டுங் பக்கம். விடுதியில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். ரசம் வைப்போம், தமிழ்ப் படம் பார்ப்போம், பரீட்சைக்குப் படிப்போம். அப்படியே படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் பலர். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

பண்டுங் பூப்பந்துக்கு, அதாவது பேட்மிண்டனுக்கு, பேர்போன ஊர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற தௌபிக் ஹிடாயாட் அந்த ஊர்க்காரர். இந்தோனேசியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை 1992இல் பார்சிலோனாவில் வாங்கித் தந்த சூசி சுசந்தியும் அதே மேற்கு ஜாவாவில் தாசிக்மலாயாவில் பிறந்தவர். நாம் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டியவர்கள்! அங்கேயோ, அந்தத் தலைமுறையோடு ஆடிய ஒருவர் எங்கள் விடுதிக்குப் பக்கத்து மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பந்தே கிடையாது. வலையோரம், பின்கோடு, மறுபடியும் நடு என்று கால் வேலை மட்டும்தான். தரையில் சத்தம் கேட்டால் திரும்பவும் முதலிலிருந்து. "வேடிக்கை பார்க்கலாமா?" என்று மலாயில் கேட்டேன், நாற்காலி எடுத்துப் போட்டார். மொழி நமக்கு ஒரு தடையே இல்லை, தம்பிகளா.

அப்புறம் ஜெலெகோங். பண்டுங்குக்குத் தெற்கே, வாயாங் கோலேக் என்னும் மரப்பாவைக் கூத்துக்காரர்கள் வாழும் ஊர். அந்தக் கலையின் பெரும்புள்ளி அசெப் சுனந்தர் சுனார்யா அங்கிருந்து வந்தவர்தான். 2014இல் காலமானார். அவருடைய ஊரில் கூத்து நின்றுவிடவில்லை.

ஒரு பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மூத்த கலைஞர், நான் மலேசியத் தமிழன் என்றதும் உள்ளே போய் ஒரு பாவையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். மீசையும் கிரீடமுமாக, நம் கடோத்கஜன்! உடம்புக்குள் போகும் நடுக்கம்பைத் திருப்பினால் தலை திரும்புகிறது. கைகளை ஆட்ட மெல்லிய குச்சிகள் இரண்டு. அவர் வாங்கிப் பிடித்தார். மணிக்கட்டை லேசாக ஏற்றி இறக்கியதும் பாவை மூச்சு வாங்கியது. சண்டைக்கு முன்னால் ஒரு வீரன் எப்படி மூச்சு வாங்குவானோ அப்படி. அத்தனை பாத்திரங்களுக்கும் அவர் ஒருவர்தான் குரல், அதுவும் விடிய விடிய. நம் தோட்டங்களில் விடிய விடியக் கூத்து பார்த்த பாட்டிமார் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். அவர் கலையின் அருமையை உங்களைவிட யார் அறிவார்?

அங்க்லோங் என்னும் மூங்கில் கருவியைச் சொல்லாமல் விட முடியாது. 2010இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு கருவிக்கு ஒரே சுரம். பாட்டு வர வேண்டுமென்றால் பலர் சேர்ந்தாக வேண்டும். பண்டுங்கில் 1966இல் தொடங்கிய சாவுங் அங்க்லோங் உஜோ என்னும் கலைக்கூடத்துக்குப் போனால் உங்கள் கையிலும் ஒன்றைக் கொடுத்து வாசிக்க வைப்பார்கள்.

இன்னொன்று. அவர்கள் நம்மைப் பற்றியும் கேட்பார்கள். பூப்பந்துப் பயிற்சியாளர் என்னிடம் கேட்டார், உங்கள் ஆட்களில் ஓடுகிறவர்கள் யார் என்று. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற ஜெகதீசனைச் சொன்னேன், அவர் டாக்டர் என்பதையும் சேர்த்து. அதே ஆண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனையான ராஜாமணியைச் சொன்னேன். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வாங்கிய சரவணனைச் சொன்னபோது, "ஐம்பதா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். இந்தப் பெயர்களையெல்லாம் தெரிந்துகொண்டு போங்கள்.

பண்டுங் போகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். ஜெலெகோங்குக்கு எப்படிப் போவது என்று எழுதித் தருகிறேன். மற்ற ஊர்களுக்குப் போகிறவர்கள், சேர்ந்த முதல் வாரமே பல்கலைக்கழக விளையாட்டு மண்டபத்தில் போய்க் கேளுங்கள். சரி, அடுத்துப் பேச இருப்பவர் காத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.